கவுன்ட் ஆஸியும் மூன்று மேளங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெகே பிடிக்கும் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், அவரை உட்காரவைத்து ஜமைக்காவின் கவுன்ட் ஆஸி வாசித்த மேளத்தைக் கேட்க வைப்பது என் கெட்ட பழக்கம். கேட்டு முடித்ததும் வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன், கிண்டல் உட்பட.

ஆஸின்னா ஆஸ்திரேலியாக்காரரா?

இல்லை. அது நம் செய்தித்தாள்களின் கிரிக்கெட் பக்கம் செய்த வேலை. இவர் பெயர் ஆஸ்வால்ட் வில்லியம்ஸ், சுருக்கினால் ஆஸி. 1926 மார்ச்சில் ஜமைக்காவின் கிழக்குக் கோடியில் இருக்கும் செயின்ட் தாமஸ் பகுதியில் பிறந்தார், 1976 அக்டோபர் 18 அன்று, ஐம்பது வயதில் காலமானார். ராஸ்தாஃபாரி என்ற மதத்தாரின் மேளம் என்று இன்று உலகம் முழுக்கத் தெரிந்த வாசிப்பு பெரும்பாலும் கிங்ஸ்டன் நகரில் இவருடைய முற்றத்தில்தான் வடிவம் பெற்றது. அங்கிருந்துதான் அது மேடைக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் போனது.

அப்போ 'கவுன்ட்' பட்டம்? பிரபு குடும்பமா?

பிரபு குடும்பமாவது! 1950களின் கிங்ஸ்டனில் அரச பட்டம் இல்லாத இசைக்காரரைப் பார்ப்பதுதான் கஷ்டம். டியூக் ரீட், பிரின்ஸ் பஸ்டர், கிங் எட்வர்ட்ஸ், லார்ட் டனாமோ என்று ஒரு தர்பாரே இருந்தது. பெரிய ஒலிபெருக்கிகளைக் கொண்டுவந்து இறக்கி, ரெக்கார்டு போட்டு, தெருவையே ஆட வைக்கும் தொழிலுக்கு அங்கே சவுண்ட் சிஸ்டம் என்று பெயர். அதை நடத்தியவர்களும் அதில் பாடியவர்களும் தங்களுக்குத் தாங்களே முடிசூட்டிக்கொண்டார்கள். அமெரிக்க ஜாஸில் டியூக் எலிங்டன், கவுன்ட் பேசி என்று பெரிய பெயர்கள் இருந்தது ஒரு காரணம். வெள்ளைக்கார ராணியின் ஆட்சியில் இருந்துகொண்டு அவளுடைய பட்டங்களைச் சேரிக்காரர்கள் எடுத்து மாட்டிக்கொண்டதில் ஒரு குசும்பும் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

ராஸ்தான்னா சடைமுடி, பாப் மார்லி, அவ்வளவுதானே? இதில் மேளம் எங்கே வந்தது?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1930 நவம்பரில் எத்தியோப்பியாவில் ராஸ் தஃபாரி என்பவர் ஹெய்லி செலாசி என்ற பெயரில் பேரரசராக முடிசூடினார். ஆப்பிரிக்காவில் ஒரு கறுப்பினப் பேரரசர்! ஜமைக்காவின் ஏழைக் கறுப்பின மக்களில் சிலர் அவரையே தங்கள் கடவுளாகப் பார்த்தார்கள். லெனர்ட் ஹாவல் போன்றவர்கள் இதைத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள், சிறைக்கும் போனார்கள். பேரரசருடைய முந்தைய பெயரிலிருந்துதான் ராஸ்தாஃபாரி என்ற சொல்லே வந்தது. மார்லியெல்லாம் வெகு பின்னால்.

இந்த ஆரம்பகால ராஸ்தாக்களிடம் பைபிள் இருந்தது, தேவாலயத்திலிருந்து எடுத்து வார்த்தை மாற்றிப் பாடிய கீதங்கள் இருந்தன, தங்களுக்கே உரிய மேளம் என்று ஒன்று இல்லை. எல்லாரும் இதைக் கேட்டதும் ஆச்சரியப்படுவார்கள்.

அப்படின்னா அந்த மேளம் யாரோடது?

புருக்காரர்களுடையது. புரு என்பது ஜமைக்காவில் அடிமைக் காலத்திலிருந்தே வரும் ஒரு மேள மரபு. மேளம் ஆட்களைத் திரட்டிவிடும், கலகத்துக்குக் கூப்பிடும் என்று முதலாளிகளுக்குப் பயம், அதற்கு எதிராகச் சட்டம்கூடப் போட்டார்கள். ஆனால் புரு மேளத்தை மட்டும் சில தோட்டங்களில் விட்டுவைத்தார்கள், ஏனென்றால் அந்தத் தாளத்துக்கு வேலை வேகமாக நடந்தது. அடிமை முறை ஒழிந்த பிறகு தோட்டத்தில் புருக்காரர்களுக்கு வேலை இல்லை. பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்து கிங்ஸ்டனின் மேற்குச் சேரிகளில் குடியேறினார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது: சிறைத் தண்டனை முடிந்து ஒருவன் பேட்டைக்குத் திரும்பினால், அன்று ராத்திரி மேளம் அடித்து அவனை வரவேற்பார்கள். ஊர் காறித் துப்பிய ஒருவனை மறுபடியும் ஆளாகச் சேர்த்துக்கொள்ளும் மேளம்.

அதே சேரியில்தான் ராஸ்தாக்களும் இருந்தார்கள். ஒரு பக்கம் மேளம் இருந்தது, மதம் இல்லை. இன்னொரு பக்கம் மதம் இருந்தது, மேளம் இல்லை. 1940களில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்தன, புருக்காரர்கள் பலர் ராஸ்தா ஆனார்கள், ராஸ்தாக்கள் மேளம் கற்றார்கள். அப்படிக் கற்றவர்களில் ஒருவர்தான் ஆஸி. இவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பிரதர் ஜோப் என்ற புரு மேளக்காரர். முதலில் ஃபுண்டே என்ற மேளம், பிறகுதான் ரிப்பீட்டர் என்ற மேளம். இந்த வரிசை ஏன் முக்கியம் என்பது அடுத்த பதிலில்.

மூணு மேளம்னு சொல்றீங்க, எனக்கு ஒரே சத்தமாத்தான் கேட்குது

முதல் தடவை எல்லாருக்கும் அப்படித்தான். கையை மேசைமேல் வையுங்கள். வலது கையால் டுப்-டுப் என்று இரண்டு தட்டு, ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி டுப்-டுப். அவசரப்படக் கூடாது, நெஞ்சில் கை வைத்தால் தெரிகிற வேகம்தான். இதுதான் ஃபுண்டே. பாட்டு பத்து நிமிடம் ஓடினால் பத்து நிமிடமும் இதையேதான் வாசிக்க வேண்டும், மாற்றவே கூடாது. இப்போது ஒவ்வொரு ஜோடியின் முதல் தட்டிலும் காலால் தரையை மிதியுங்கள், ஒரு தடவை நன்றாக அதிரும்படி, அடுத்த தடவை அமுக்கி. அது பேஸ் என்கிற பெரிய மேளம். இரண்டு பக்கமும் தோல் போட்டது, நுனியில் துணி சுற்றிய கோலால் அடிப்பார்கள். ராஸ்தாக்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'போப்பை நொறுக்கி'. போப் மேல் ஏன் அவ்வளவு கோபம் என்றால், 1935-இல் எத்தியோப்பியாமீது படையெடுத்தது இத்தாலி, ரோம் என்றாலே அவர்களுக்கு எதிரிதான்.

மூன்றாவது ரிப்பீட்டர். சின்னது, குரல் மெல்லியது, விரல்களும் உள்ளங்கையும் மாறிமாறி விழும். பாடகர் ஒரு வரி பாடி மூச்சு விடுகிற இடத்தில் இது புகுந்து பேசும், கேலி செய்யும், சில சமயம் பாடகரை முந்திக்கொண்டு ஓடும். எழுதிவைத்த தாளம் கிடையாது. ஆஸியின் பெயர் பரவியது இந்த ரிப்பீட்டரில்தான்.

நான் ரொம்ப நாள் ரிப்பீட்டரை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். காதைக் கவர்வது அதுதானே. ஒரு நாள் ஃபுண்டேயை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டை முழுக்க மேசையில் தட்டிப் பார்த்தேன், மூன்றாவது நிமிடத்தில் கை கடுத்தது, நாலாவது நிமிடத்தில் என்னை அறியாமல் வேகம் கூடிப் பாட்டை விட்டு வெளியே போய்விட்டேன். புதிதாக வருகிறவர்களிடம் ஏன் முதலில் ஃபுண்டேயைக் கொடுக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மேளம் எதால செஞ்சது?

மரமும் ஆட்டுத்தோலும். பழைய மேளங்கள் பலவும் ரம் பீப்பாயின் பலகைகளில் செய்தவை, கரும்புத் தீவில் பீப்பாய்க்குப் பஞ்சமில்லை. பேஸுக்குக் கிடாத் தோல், அது தடிமன், சத்தம் கனமாக வரும். ரிப்பீட்டருக்குப் பெட்டையாட்டுத் தோல், மெல்லியது, இழுத்துக் கட்டினால் கணீரென்று பேசும். ஈரக் காற்றில் தோல் தொய்ந்துபோனால் நெருப்பருகே கொண்டுபோய்க் காய்ச்சி ஏற்றுவார்கள். ராஸ்தாக் கூட்டங்களில் முற்றத்தின் நடுவே எரியும் நெருப்புக்குச் சடங்குப் பொருளும் உண்டு, இப்படி ஒரு கைவேலைப் பொருளும் உண்டு.

யூடியூப்ல குமினான்னு ஒண்ணு பார்த்தேன், அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்லை, ஆனால் குழம்புவதில் தப்பே இல்லை. குமினா, 1838-இல் அடிமை முறை முழுதாக முடிந்த பிறகு மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் வந்த மக்களின் வழிபாடு. முன்னோர்களின் ஆவியை வரவழைப்பது அதன் மையம். அதன் கோட்டை செயின்ட் தாமஸ், ஆஸி பிறந்த அதே பகுதி. அங்கே மேளத்தைப் படுக்கப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து, குதிகாலைத் தோலில் அழுத்தி எடுத்துச் சுருதி மாற்றி வாசிப்பார்கள்.

ராஸ்தாக்களுக்கு ஆவி, சாமியாட்டம் எதுவும் ஆகாது. ஆனால் அவர்களுடைய மேளத்தில் குமினாவின் சாயல் எவ்வளவு, புருவின் சாயல் எவ்வளவு என்று ஆய்வாளர்களுக்குள் இன்றும் வாக்குவாதம் உண்டு. மேளங்களின் பெயரும் மூன்றாகப் பிரித்து வாசிப்பதும் புருவிலிருந்து வந்தவை. இதயத் துடிப்பு மாதிரியான அந்த நிதானத்தை ராஸ்தாக்கள் தாங்களே தேடி அடைந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நயபிங்கி?

இந்த மேளத்துக்கும், இது முழங்கும் பல நாள் கூட்டத்துக்கும் பெயர். மூலத்தில் உகாண்டா, ருவாண்டா பக்கம் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த ஒரு வழிபாட்டு இயக்கத்தின் பெயர் அது. 1935-இல் ஜமைக்காப் பத்திரிகை ஒன்றில் அதைப் பற்றி மிரட்டலான கட்டுரை வந்தது. பயமுறுத்த எழுதியதை ராஸ்தாக்கள் விரும்பி எடுத்துக்கொண்டார்கள்.

ஆஸியோட முகாம்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன இடம்? அங்க என்னதான் நடக்கும்?

1951 ஆகஸ்டில் சார்லி என்ற புயல் ஜமைக்காவை அடித்துப் புரட்டியது. அதையொட்டித்தான் ஆஸி கிங்ஸ்டனின் கிழக்கே, வாரிக்கா மலையடிவாரத்தில் அடாஸ்ட்ரா ரோடு பக்கம் போய்ச் சேர்ந்தார். முகாம் என்றதும் கூடாரம், வேலி என்று கற்பனை செய்ய வேண்டாம். ஒரு முற்றம், சில தகரக் கொட்டகைகள், நெருப்பு, சுற்றிலும் ஆட்கள். அவ்வளவுதான். பேச்சு நடக்கும், அவர்கள் அதை 'ரீசனிங்' என்பார்கள், பைபிள் வசனத்தில் ஆரம்பித்து அரசியலில் வந்து நிற்கும். பேச்சு ஓய்ந்ததும் மேளம், மேளம் ஓய்ந்தால் பேச்சு, இப்படியே விடியும்.

இதில் சுவாரசியம் யார் யார் அங்கே வந்தார்கள் என்பதுதான். டிராம்போன் வாசித்த டான் டிரம்மண்ட், ரீக்கோ ரோட்ரிகஸ், சாக்ஸபோன் வாசித்த டாமி மெக்குக், டிரம்பெட் வாசித்த ஜானி மூர். இந்த நாலு பேரும் ஆல்பா என்ற பள்ளியில் படித்தவர்கள். கன்னியாஸ்திரீகள் ஏழைப் பையன்களுக்காக நடத்திய பள்ளி, கண்டிப்பு ஜாஸ்தி, பேண்டு வாத்தியப் பயிற்சியும் ஜாஸ்தி. இவர்களுக்கு வேலை ஓட்டல்களிலும் நடனக் கூடங்களிலும், சுற்றுலாப் பயணிகள் கேட்டதை வாசிப்பது. அங்கே நினைத்ததை ஊத முடியாது. வேலை முடிந்து வாத்தியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துக்கு வந்தால் ஆஸியின் மேளம் ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் ஊதலாம். நேரமாச்சு நிறுத்து என்று சொல்ல ஆளில்லை. பின்னால், 1964-இல் இவர்களில் பலர் சேர்ந்து ஸ்கட்டலைட்ஸ் என்ற குழுவானார்கள். ரெகேக்கு முன்னால் வந்த ஸ்கா இசையின் பெரிய பெயர் அதுதான். ரீக்கோ இங்கிலாந்துக்குப் போய்ப் பல வருடம் கழித்துப் போட்ட ஆல்பத்தின் பெயரிலேயே வாரிக்காவை வைத்திருக்கிறார்.

கஞ்சா அடிச்சுட்டுத்தானே வாசிச்சாங்க?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. ஆமாம், புகைத்தார்கள், அவர்களுக்கு அது வழிபாட்டின் பகுதி. சொல்லே 1845 முதல் இந்தியாவிலிருந்து கப்பலில் போன கூலித் தொழிலாளர்களோடு அங்கே இறங்கியதுதான், அதனால்தான் ஜமைக்காவிலும் அதற்கு கஞ்சா என்றே பெயர். ஆனால் மேலே சொன்ன ஃபுண்டேயை நினைத்துப் பாருங்கள். நிலை தடுமாறியவனால் அதை ஐந்து நிமிடம் பிடிக்க முடியாது.

போலீஸ் தொல்லை இருந்ததுன்னு படிச்சேன், மேளம் அடிச்சதுக்கா?

மேளம், சடைமுடி, கஞ்சா, பேரரசர், எல்லாவற்றுக்கும் சேர்த்து. 1950களில் கிங்ஸ்டனில் கௌரவமான குடும்பத்துப் பிள்ளை ராஸ்தா ஆகிவிட்டால் வீட்டில் சாவு விழுந்த மாதிரி. முகாம்களில் சோதனை, கைது, பிடித்துக்கொண்டு போய் முடியை வெட்டிவிடுவது எல்லாம் சாதாரணம். சுதந்திரம் 1962 ஆகஸ்டில் வந்தது, அதற்கு அடுத்த வருடம் ஏப்ரலில்தான் மான்டிகோ பே அருகே கோரல் கார்டன்ஸ் சம்பவம். ஒரு பெட்ரோல் பங்க் தாக்கப்பட்டது, உயிர்கள் போயின, அதைச் சாக்காக வைத்து அந்தப் பகுதி முழுக்க ராஸ்தாக்களை வளைத்துப் பிடித்து அடித்தார்கள். அரசு அதற்கு மன்னிப்புக் கேட்டது 2017-இல்.

அதே நாடு 1966 ஏப்ரல் 21 அன்று ஹெய்லி செலாசியை வரவேற்க வந்த ராஸ்தாக்களைக் கிங்ஸ்டன் விமான நிலையத்தில் பார்த்தது. மழை, சேறு, ஓடுபாதை வரை கூட்டம், மேளம். அந்தத் தேதியை இன்றும் கொண்டாடுகிறார்கள், அந்தக் கொண்டாட்டத்துக்கு கிரவுண்டேஷன் என்று பெயர். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வரும்.

இவ்வளவு வெறுப்பு இருந்தா, மேடை எப்படிக் கிடைச்சது?

ஒரு பெண் பிடித்த பிடிவாதத்தால். அனிதா மஹ்ஃபூத், மேடைப் பெயர் மார்கரிட்டா, கிங்ஸ்டனில் ரும்பா ஆட்டத்துக்குப் பேர் போனவர். வாரிக்காவுக்கு வந்து ஆஸியின் மேளத்துக்கு ஆடிப் பழகியவர். அப்போது வீர் ஜான்ஸ் என்பவர் புதுத் திறமைகளுக்கான மேடைப் போட்டி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார், ஜமைக்காவின் பெரிய பாடகர்கள் பலரும் அதில் கைத்தட்டு வாங்கி வந்தவர்கள்தான். 1950களின் கடைசியில் வார்ட் தியேட்டரில் அந்த நிகழ்ச்சிக்கு மார்கரிட்டாவைக் கூப்பிட்டபோது, ஆஸியின் ஆட்கள் வாசித்தால்தான் ஆடுவேன் என்றார். ராஸ்தாக்களை வார்ட் தியேட்டரில் ஏற்றுவதா என்று ஜான்ஸுக்குத் தயக்கம். மார்கரிட்டா இல்லாமலும் நிகழ்ச்சி எடுபடாது. கடைசியில் ஜான்ஸ்தான் இறங்கி வந்தார்.

திரை விலகி, சடையும் தாடியுமாக மேளத்தோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் கூட்டத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். நிகழ்ச்சி முடிந்தபோது ஆஸிக்கு ரசிகர்கள் கிடைத்திருந்தார்கள். அதற்கப்புறம் அந்த மேடை அவருக்குத் திறந்தே இருந்தது.

மார்கரிட்டா அப்புறம் என்ன ஆனாங்க?

அந்த டான் டிரம்மண்டோடு வாழ்ந்தார், 1965 புத்தாண்டையொட்டி ஒரு அதிகாலையில் அவர் கையாலேயே குத்திக் கொல்லப்பட்டார். டிரம்மண்டுக்கு நெடுங்காலமாக மனநோய் இருந்தது. மனநல மருத்துவமனையில் வைத்தார்கள், 1969 மே மாதம் அங்கேயே இறந்தார். டிரம்மண்டின் மேதைமையைப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் மார்கரிட்டாவை 'அந்த நடனக்காரி' என்று ஒரு வரியில் தாண்டிப் போவதைப் பார்த்தால் எரிச்சல் வரும். அவர் இல்லையென்றால் மேலே உள்ள பதில் இல்லை.

'ஓ கரோலைனா' ஷேகி பாட்டாச்சே? இவருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ஷேகி பாடி 1993-இல் இங்கிலாந்தில் முதலிடத்துக்குப் போனது மறுபதிப்பு. மூலம் 1960-இல் ஃபோக்ஸ் பிரதர்ஸ் என்ற மூன்று சகோதரர்கள் பாடியது, தயாரித்தவர் பிரின்ஸ் பஸ்டர். அந்தக் காலத்தில் கிங்ஸ்டனில் எல்லாருமே அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸைப் பார்த்து அதே மாதிரி பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பஸ்டர் புதிதாகக் களத்தில் இறங்கியவர், டியூக் ரீட் போன்ற பண முதலைகளோடு மோத வேண்டும், யாரிடமும் இல்லாத சத்தம் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. வாரிக்காவுக்குப் போய் ஆஸியையும் அவருடைய ஆட்களையும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துவந்தார்.

பாட்டைத் தேடிக் கேளுங்கள். ஒரு பியானோ தன்பாட்டுக்குப் போகும், அது ஓவன் கிரே. பாடகர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பதுபோல் கேட்கும், மேளம் மட்டும் காதுக்குப் பக்கத்தில். ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் வழக்கமாகச் செய்கிற ஏற்பாட்டுக்கு நேர் எதிர். ராஸ்தா மேளத்தை ஒரு ஜனரஞ்சகப் பாட்டில் ஜமைக்கா முதன்முதலில் கேட்டது இதில்தான்.

எழுதியது யார் என்பதில் பின்னால் வழக்கு வந்தது. ஷேகியின் பாட்டு சம்பாதித்துக் கொடுத்த பிறகுதான், வழக்கம்போல. 1994-இல் லண்டன் நீதிமன்றம் எழுதியவர் ஜான் ஃபோக்ஸ்தான், பஸ்டர் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. வார்த்தைக்கும் மெட்டுக்கும் சொந்தக்காரர் கிடைத்தார். மேளத்துக்கு அந்த மாதிரி பட்டா எழுத எந்தச் சட்டத்திலும் இடமில்லை, ஆனால் அந்தப் பாட்டை அடையாளம் காட்டுவதே மேளம்தான்.

சரி, ரெகேயைக் கண்டுபிடிச்சவர் இவர்தான்னு சொல்லலாமா?

சொல்லக் கூடாது, ஆஸி பைத்தியமான நானே சொல்ல மாட்டேன். ரெகே ஒருவர் கண்டுபிடித்த பொருள் இல்லை. மென்டோ என்ற கிராமத்துப் பாட்டு, அமெரிக்க வானொலியில் வந்த ரிதம் அண்ட் புளூஸ், ஸ்கா, ராக்ஸ்டெடி, தேவாலயப் பாட்டு, எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் அது. ரெகே டிரம்மின் 'ஒன் டிராப்' அடி நேராக நயபிங்கியிலிருந்து வந்தது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், எனக்கு அவ்வளவு நிச்சயம் வரவில்லை. ஒன் டிராப்பில் கனமான அடி விழுவது மூன்றாவது எண்ணில், முதல் எண் காலியாகப் போகும். மேலே மேசையில் தட்டிய கணக்கை எடுத்துப் பாருங்கள், அதில் கனமான அடி முதலிலேயே விழுகிறது.

ஆனால் ஸ்கா வாசித்தவர்கள், அதிலிருந்து ரெகேக்கு வந்தவர்கள், பாதிப் பேர் ஒரு காலத்தில் அந்த முற்றத்தில் உட்கார்ந்தவர்கள். மார்லி 1973-இல் பாடிய 'ராஸ்தாமேன் சாண்ட்' கேட்டால் பேஸும் ஃபுண்டேயும் ரிப்பீட்டரும் அப்படியே உட்கார்ந்திருக்கும், ஏறக்குறைய மறைக்காமல். ஆஸியின் பங்கு ஒரு தாளத்தைக் கொடுத்தது என்பதைவிட, வாத்தியக்காரர்கள் எந்த மண்ணில் உட்கார்ந்து யோசித்தார்களோ அந்த மண்ணைக் கொடுத்தது என்பேன்.

பெண்கள் இந்த மேளம் வாசிக்கலாமா?

கட்டுப்பாடான நயபிங்கிக் கூட்டங்களில் வாசிக்க விட மாட்டார்கள். பாடலாம், கிலுக்கு ஆட்டலாம், மேளம் ஆண்களுக்கு மட்டும். இதற்குப் பழைய ஏற்பாட்டிலிருந்து வசனம் காட்டுவார்கள். பக்கத்திலேயே குமினாவில் சடங்கையே நடத்துவது 'குயின்' என்று அழைக்கப்படும் பெண்தான், அதனால் ஆப்பிரிக்க மரபே இப்படித்தான் என்ற சமாதானம் என்னிடம் எடுபடாது. ராஸ்தாப் பெண்களே இதைக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், கூட்டத்துக்கு வெளியே வாசிக்கிற பெண்களும் உண்டு. இந்த மேளம் பெரிய மேடை ஏறியதே மார்கரிட்டா போட்ட நிபந்தனையால்தான் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

நிறைய சம்பாதிச்சாரா?

இல்லை. கடைசிவரை அதே கிழக்குக் கிங்ஸ்டன்தான். 1960களில் ஹாரி மூடி போன்ற தயாரிப்பாளர்களுக்குச் சில இசைத்தட்டுகள் வாசித்தார், ஆனால் ஒன்றிரண்டு பாட்டுப் பதிவுக்குக் கூலி வாங்கிப் போகிற மேளக்காரருக்கு அந்தத் தொழிலில் என்ன கிடைத்துவிடும்? முகாம் மெல்ல ஒரு சமூகக் கூடமாக மாறி, பேட்டைப் பிள்ளைகள் மேளமும் வாத்தியமும் கற்கிற இடமானது.

சாக்ஸபோன், ஜாஸ் எல்லாம் சேர்த்துட்டாரே, அப்புறம் அதை எப்படிப் பாரம்பரியம்னு சொல்றீங்க?

நல்ல கேள்வி, கொஞ்சம் வம்பான கேள்வியும்கூட. 1970 வாக்கில் ஆஸியின் மேளக்காரர்களும், ஆல்பாவில் படித்த சாக்ஸபோன்காரர் செட்ரிக் புரூக்ஸின் குழுவும் ஒன்றாகி மிஸ்டிக் ரெவலேஷன் ஆஃப் ராஸ்தாஃபாரி என்ற ஒரே குழு ஆனார்கள். புரூக்ஸ் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் இருந்துவிட்டு, அங்கே சன் ராவின் ஜாஸைக் கேட்டு மனசு மாறி வந்தவர். 1973-இல் மூன்று இசைத்தட்டுகளாக வந்தது இவர்களுடைய 'கிரவுண்டேஷன்'. அந்தக் காலத்தில் ஜமைக்காவில் மூன்று தட்டு ஆல்பம் என்பது பைத்தியக்காரத்தனம். அதில் பாட்டு உண்டு, கவிதை உண்டு, சாம் கிளேட்டனின் உரை உண்டு, சார்ல்ஸ் லாயிடின் ஜாஸ் மெட்டு உண்டு, 'ஓ கரோலைனா'வும் உண்டு. 1975-இல் 'டேல்ஸ் ஆஃப் மொசாம்பிக்' வந்தது, அடுத்த வருடம் ஆஸி போய்விட்டார்.

இது கலப்படம் என்று சொல்கிறவர்களுக்கு என் பதில்: கலப்பு 1973-இல் ஆரம்பிக்கவில்லை. புருக்காரரிடம் ஒரு ராஸ்தா மேளம் கற்றபோதே ஆரம்பித்துவிட்டது. டிரம்மண்டும் ரீக்கோவும் ராத்திரி வாத்தியப் பெட்டியைத் திறந்தபோது நடந்ததும் இதுதான், என்ன, அப்போது மைக் இல்லை. நான் கவனிப்பது வேறு ஒன்றை. வழக்கமாகப் பாரம்பரிய மேளத்தை ஜாஸ் குழுவில் சேர்த்தால், மேளக்காரர் ஓரமாக உட்கார்ந்து அவர்கள் கணக்குக்கு வாசிப்பார். இதில் சாக்ஸபோன்தான் மேளத்தின் கணக்குக்கு வர வேண்டியிருக்கிறது.

எங்கிருந்து கேட்பது என்று தனியாகக் கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில். முதலில் 'ஓ கரோலைனா', மூன்று நிமிடம்தான். பிடித்திருந்தால் நேராகக் 'கிரவுண்டேஷன்' ஆல்பத்தின் கடைசிக்குப் போங்கள், ஆல்பத்தின் பெயரையே கொண்ட பாட்டு அரை மணி நேரத்துக்கு ஓடும். மொபைல் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் மேளம் காணாமலே போய்விடும், காதில் ஏதாவது மாட்டிக்கொள்ளுங்கள். ரிப்பீட்டர் எங்கெங்கோ போய்விட்டு வரும், குழல்கள் ஏறி இறங்கும், யாராவது பேசுவார்கள். ஃபுண்டேயை மட்டும் விடாமல் பிடித்திருங்கள். கை கடுத்தால் எனக்குச் சொல்லுங்கள், எந்த நிமிடத்தில் என்று.